தொண்டை, நெஞ்சு, தலை

சிவகலாவுக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது ஒரு சிரிப்புச் சத்தத்தில்தான். வியாழக்கிழமை காலை வகுப்பு, அவளுடையதல்ல, கோசலாவுடையது. ஆசிரியர் அறைக்கு வெளியே நகல் எடுத்துக்கொண்டு நின்றவளுக்குத் தாழ்வாரத்தின் கடைசி அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கதவு சாத்தியிருந்தும் வந்தது. உள்ளே இருந்த பதினொரு சீனப் பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கல்லூரியில் ஒன்பது வருடமாகச் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற சிவகலா, அவர்கள் அப்படிச் சிரித்து ஒருநாளும் கேட்டதில்லை.

நகல் இயந்திரம் தாள் முடிந்து கத்திக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

கல்லூரி லொசான் நகரத்துக்கு மேலே, ஏரியைப் பார்த்த மேட்டில் இருந்தது. ஹோட்டல் முகாமைத்துவம் படிக்க எங்கெங்கோ இருந்து பிள்ளைகள் வருவார்கள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். சீனம் பேசும் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக ஓர் ஆங்கில வகுப்பு உண்டு. செங்டுவிலிருந்தும் தாய்பேயிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவர்கள், 'ஸ்தாஜ்' என்கிற பயிற்சி வேலைக்கு ஹோட்டல்களுக்குப் போகுமுன் வாய்மொழிப் பரீட்சை ஒன்றில் சித்தியடைய வேண்டும். அது சிவகலாவின் வகுப்பு. 'சிவகலாவின் சீனர்கள்' என்று இயக்குநர் அம்மாவே ஒரு கூட்டத்தில் சொன்னதை, ரெனானில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து கணவன் குணசேகரத்திடம் அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அந்த மனிதன் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலத்தான் கேட்டுக்கொண்டான்.

பெருமைப்பட அவளிடம் விஷயம் இல்லாமல் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு காரியத்தை உடம்பால் செய்வதற்கும் மனதால் செய்வதற்கும் ஒரே வினைச்சொல் வரும் இடங்கள் இருக்கின்றனவே, அவற்றில் சீனப் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள் என்று அவளுக்கு அத்துபடி. அகராதியில் கிடைக்காத சங்கதி அது. வருடக்கணக்காகப் பிழைகளைத் திருத்தித் திருத்தி, எந்தப் பிழை எங்கேயிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் வெள்ளைப் பலகையில் ஒரு மனித உருவம் கீறுவாள். சொல் உடம்பில் எங்கெங்கே வேலை செய்கிறதோ அங்கங்கே குறி போடுவாள். போகக்கூடாத இடத்துக்குச் சிவப்புக் கோடு. பிள்ளைகள் தலையாட்டுவார்கள், எழுதிக்கொள்வார்கள், எழுந்து போவார்கள். கேள்வி கேட்க மாட்டார்கள். அது மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், கோசலா வரும்வரை.

கோசலாவைக் கொண்டுவந்து சேர்த்தவள் வேறு யாருமில்லை, சிவகலாவேதான். நினைக்க நினைக்க வயிறு எரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சின்ன வயதில் தாய் தகப்பனோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த நாட்டிலேயே திரிம்பாக் என்கிற ஊரில் வளர்ந்தவள் கோசலா. பக்கத்து ஊரான ஒல்ற்றனில் ஒரு மொழிப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவள். கணவனுக்கு லொசானில் வேலை மாற்றம் கிடைத்து ரெனானுக்குக் குடிவந்தபோது, சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் சிவகலாவைக் கண்டு, "அக்கா, உங்கடை கல்லூரியிலை ஏதும் இடம் இருக்கோ?" என்று கேட்டாள். எங்கடை பிள்ளை என்று சிவகலா இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். சொல்லும்போது ஒரு பெரிய மனுசித்தனம் இருந்தது, அது பிடித்திருந்தது. செவ்வாய் சொல்வளம் சிவகலாவுக்கு, வியாழன் பேச்சுப் பயிற்சி கோசலாவுக்கு என்று வகுப்பு பிரிந்தது.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. கோசலாவைப் பிள்ளைகள் கைபேசியில் தங்கள் வீசாட் அரட்டைக் குழுவில் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கள் சமைத்த நூடுல்ஸைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்பினார்கள். கோசலா பதிலுக்குத் தன் புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் அனுப்பினாள். அதை ஆசிரியர் அறையில் சிவகலாவிடம் காட்டிக் காட்டி மகிழ்ந்தாள். மகிழ்ச்சியை ஒளிக்கத் தெரியாத பிறவி அது.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமோ? பொறாமைப்படுறதைச் சீனத்திலை வினாகிரி குடிக்கிறது எண்டுதான் சொல்லுவினமாம். வினாகிரி! லின்தான் சொன்னவள். சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு."

"தெரியும்" என்றாள் சிவகலா.

தெரியாது. ஒன்பது வருடத்தில் ஒரு பிள்ளைகூட அவளுக்கு அதைச் சொன்னதில்லை. அன்று முழுவதும் அந்த வினாகிரியின் காடிப் புளிப்பு அவள் நாக்கிலேயே நின்றது. தனக்குச் சொல்லாததை அவளுக்கு ஏன் சொன்னார்கள்? அவள் என்ன பெரிதாகப் படிப்பித்துக் கிழித்துவிட்டாள்? இலக்கணம் கேட்டால் 'எனக்குக் காதுக்குச் சரியாப் படுது, அவ்வளவுதான்' என்று சொல்கிறவள்! அதுவும் அந்த லின்.

லின் அந்த வகுப்பிலேயே மூத்தவள். செங்டுக்காரி. போன வருடம் வாய்மொழிப் பரீட்சையில் கொஞ்சத்தில் தவறியவள். சித்தியடைய விடாதது சிவகலாதான். அரைகுறையாகப் போய் ஹோட்டலில் நின்று முழிப்பதைவிட இன்னொரு தடவை படிக்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் செய்தாள். இந்த வருடம் மற்றப் பிள்ளைகள் லின்னையே வகுப்புத் தலைவியாக்கிவிட்டார்கள். அவர்கள் ஊர் வழக்கத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் அப்படி ஒருவர் உண்டு. ஆசிரியர் உள்ளே வரும்போது எல்லோரையும் எழுப்புவதிலிருந்து, வகுப்பின் மானத்தையும் ஆசிரியரின் மானத்தையும் வெளியாட்கள் முன்னால் காப்பதுவரை அவர் பொறுப்பு. லின் சிவகலாவின் முகத்தை நேரே பார்ப்பதில்லை. கோசலாவுக்கு வினாகிரிக் கதை சொல்கிறாள்.

மாசி மாதத்தில் இயக்குநர் அம்மா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த தவணையிலிருந்து சீன வகுப்பின் நேரம் குறைகிறது என்றார். இனி ஒரே ஆசிரியர்தான். மற்றவருக்கு வேறு வகுப்புகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மணித்தியாலங்கள் கிடைக்கும். யார் என்று தீர்மானிக்க இருவரும் அதே வகுப்புக்கு ஆளுக்கொரு பாடம் எடுக்க வேண்டும். அவர் வந்து இருந்து பார்ப்பார். கல்லூரி வழக்கப்படி மற்ற ஆசிரியரும் பின்னால் இருந்து பார்க்க வேண்டும். பாடம், முறைப்பாடு சொல்லும் விருந்தினரிடம் பேசுவது. ஆளுக்கொரு ஆங்கில வினைச்சொல். சிவகலாவுக்குத் தாங்குதல். கோசலாவுக்கு விழுங்குதல்.

"நல்ல பகிடி, அக்கா" என்றாள் கோசலா வெளியே வந்ததும். "எங்கள் ரெண்டு பேரையும் சேவல் மாதிரி விட்டுப் பாக்கப் போறா."

சிவகலாவுக்குப் பகிடி விளங்கவில்லை. அந்த வகுப்புப் போனால் தான் யார் என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக யாரோ விடுப்பில் போன இடங்களை நிரப்புகிற ஒருத்தி. 'சிவகலாவின் சீனர்கள்' என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் பாடம் எப்போதும் போல நடந்தது. அதுதான் வினை. உருவத்தைக் கீறினாள். தோளில் பெட்டி, மனதில் வலி, எங்கே எதைத் தாங்கலாம், எங்கே கூடாது என்று பிசகில்லாமல் சொன்னாள். பதினொரு தலைகளும் ஆடின. ஒரு சத்தமில்லை. இயக்குநர் அம்மா கடைசியில் "மிகத் தெளிவு" என்று சொல்லிக் கை கொடுத்தார். சொல்லிவிட்டு, யன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தார். அந்த ஏரியைப் பார்த்த பார்வையைச் சிவகலா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மறுநாள் பின்னேரம் கோசலா வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய, கறி வைத்துச் சுருட்டிய, இன்னும் பொரிக்காத றோல்ஸ்.

"அண்ணைக்குச் சுடச்சுடப் பொரிச்சுத் தாறன்" என்று நேரே குசினிக்குள் போனாள். குணசேகரத்துக்கு வாயெல்லாம் பல். கல்யாணம் செய்த நாளிலிருந்து சிவகலா அந்த முகத்தை தான் பரிமாறிய ஒரு சோற்றுக் கோப்பைக்கு முன்னால் கண்டதில்லை என்று அவளுக்கு அப்போது தோன்றியது. அது பொய்தான். ஆனால் அன்றைக்கு எதைப் பார்த்தாலும் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது.

எண்ணெய் சீறிக்கொண்டிருந்தது. கோசலா அகப்பையோடு திரும்பினாள்.

"அக்கா, நாளைக்கு என்ரை பாடம். எனக்கு நெஞ்சு பக்குப்பக்கெண்டு அடிக்குது. உந்த விழுங்குற சொல்லிலை பிள்ளையள் எங்கை தடக்குப்படுவினம்? உங்களுக்குத்தான் தெரியும். நான் அவையளோடை கதைச்சுச் சிரிக்கத்தான் லாயக்கு."

சிவகலாவுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அந்தச் சொல் மூன்று இடத்தில் வேலை செய்யும். தொண்டையில் உணவும் மாத்திரையும். அதில் சிக்கல் இல்லை. நெஞ்சில் கோபமும் அவமானமும். சீனத்திலும் குரலை விழுங்கிப் பொறுத்துக்கொள்வது என்று ஒரு வழக்கு இருப்பதால் அந்த வாய்க்காலைப் பிள்ளைகள் இலகுவாகத் தாண்டுவார்கள். மூன்றாவது இடம் தலை. ஒருவர் சொன்ன கதையை விழுங்கினேன் என்றால், மென்று பாராமல் நம்பி ஏமாந்தேன் என்று பொருள். சீனத்தில் அப்படி இல்லை. ஏற்கக் கடினமான செய்தியை ஆங்கிலத்தில் 'விழுங்கக் கடினம்' என்பார்கள் என்று பிள்ளைகள் புத்தகத்தில் படித்திருப்பார்கள். அதைத் திருப்பிப் போட்டு, விழுங்குவது என்றால் ஏற்றுக்கொள்வது என்று தாங்களே முடிவுகட்டிவிடுவார்கள். பிறகு விருந்தினரிடம் போய் மரியாதை என்று நினைத்து 'உங்கள் கதையை விழுங்கினேன்' என்பார்கள். அந்தக் குழிக்குத்தான் அவள் சிவப்புக் கோடு போடுவாள். வருடா வருடம் அதே குழி. போன வருடம் லின்னும் பரீட்சையில் அதே குழியில்தான் விழுந்தாள்.

எல்லாம் நுனிநாக்கில் வந்து நின்றது. கூடத்திலிருந்து குணசேகரம், "கோசலா, முதலாவது றோல்ஸ் எனக்கு!" என்று கூப்பிட்டான்.

"உது பெரிய விஷயமில்லை, கோசலா" என்றாள் சிவகலா. "சீனத்திலையும் கோபத்தை விழுங்குறது எண்டு இருக்கு. அவையளுக்குப் பழக்கப்பட்ட விஷயம். தங்கடை பாஷையிலை எப்பிடி நினைக்கினமோ அப்பிடியே இங்கிலிஷிலை கொண்டுவந்து போடச் சொல்லும். பிறகு நாடகம் மாதிரி நடிக்க விடும். உமக்கு அது நல்லா வரும்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். கோபத்தை விழுங்குவது சீனத்தில் இருக்கிறதுதானே. நாடகம் கோசலாவுக்கு நன்றாக வரும்தானே. கோசலா எண்ணெய்க் கையோடு அவளைக் கட்டிப்பிடித்து, "நீங்கள் இருக்கேக்கை எனக்கென்ன பயம்" என்றாள். றோல்ஸ் நன்றாகத்தான் இருந்தது. சிவகலா ஒன்றுக்கு மேல் தொடவில்லை.

அவள் போனபிறகு குணசேகரம் விரலைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

"என்ன, முகம் கறுத்துக்கிடக்கு?"

"ஒண்டுமில்லை."

"உமக்கு அந்தப் பிள்ளையிலை எரிச்சல்" என்றான். அவன் அதைத் திட்டுவதுபோலச் சொல்லவில்லை, மழை வரப்போகுது என்பதுபோலச் சொன்னான். "இல்லாட்டி ஏன் அவள் வந்த நேரம் துடக்கம் அந்த ஒரு பாத்திரத்தையே கழுவிக்கொண்டு நிண்டனீர்?"

அவள் அந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை. பின்வரிசையில் இயக்குநர் அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரை சிவகலாவுக்கு. லின் "எழுந்திருங்கள்" என்று சீனத்தில் சொல்ல, எல்லோரும் எழுந்து வணங்கி அமர்ந்தார்கள். கோசலா ஒரு பெரிய டப்பாவைத் திறந்தாள். பாகற்காய் வறுவல். ஆளுக்கொரு துண்டு. மெல்லாமல் விழுங்குங்கள் என்றாள். ஒருவன் கண்ணில் தண்ணீர் வர இருமினான், ஒருத்தி இன்னொன்று கேட்டாள், அறை கலகலத்தது. இயக்குநர் அம்மாவும் ஒரு துண்டை எடுத்து விழுங்கி முகத்தைச் சுளித்துச் சிரித்தார். செவ்வாய்க்கிழமை ஏரியைப் பார்த்த பெண்மணி இன்றைக்கு யன்னல் பக்கமே திரும்பவில்லை.

பிறகு கோபம். விருந்தினர் திட்டும்போது உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள் கோசலா. குரலை விழுங்குவோம் என்றார்கள் பிள்ளைகள். அதுவேதான் ஆங்கிலத்திலும் என்றாள். கைதட்டினார்கள். பாடம் ஆற்றில் விட்ட படகுபோலப் போய்க்கொண்டிருந்தது. சிவகலாவுக்கு ஒரு கணம், குழியே இல்லையோ, இத்தனை வருடமும் தான்தான் இல்லாத குழிக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேனோ என்றுகூடப் பயம் வந்தது.

"இனி நாடகம்" என்றாள் கோசலா. "உங்கள் மொழியில் எப்படி நினைப்பீர்களோ அப்படியே சொல்லுங்கள்."

தாய்பேயிலிருந்து வந்த நெட்டையன் ஒருவன் வரவேற்பாளனாக நின்றான். பினாங்குப் பெண் விருந்தினராக வந்து, அறையில் சுடுதண்ணீர் வரவில்லை என்று சத்தம் போட்டாள். அவன் குனிந்து, அழகான உச்சரிப்பில், "அம்மா, உங்கள் கதையை நான் முழுவதாக விழுங்கிவிட்டேன்" என்றான்.

இயக்குநர் அம்மா தாய்வழியில் இங்கிலாந்துக்காரி. அவருடைய புருவம் மேலே போயிற்று.

கோசலா நிமிர்ந்தாள். அவள் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம். பிழை என்று காது சொல்லிவிட்டது. "இல்லை, அப்படி வராது" என்றாள். அடுத்தவள் வந்து, "உங்கள் மன்னிப்பை விழுங்குகிறேன்" என்றாள். "உங்கள் ஆலோசனையை விழுங்குவது எனக்குப் பெருமை" என்றான் இன்னொருவன். எல்லோரும் முகம் மலர்ந்து, மரியாதையாக, ஒருவர் பின் ஒருவராகக் குழிக்குள் குதித்தார்கள். கோசலா, "இல்லை, இல்லை" என்றாள். அவளிடம் அவர்களுக்குப் பயமில்லை அல்லவா, கேட்டார்கள். "ஏன், ரீச்சர்? எங்கள் மொழியில் நினைப்பதுபோலச் சொல்லச் சொன்னீர்களே? ஏன் வராது?"

கோசலா பலகைக்குத் திரும்பினாள். பலகையில் ஏதோ எழுதி அழித்தாள். "காதுக்குச் சரியாகப் படவில்லை..." என்று இழுத்தாள். அவள் கழுத்தில் சிவப்பு ஏறுவது பின்வரிசைக்கே தெரிந்தது.

நன்றாக வேண்டும் என்று சிவகலாவின் மனம் துள்ளியது. துள்ளியதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. பாகற்காய் கொடுத்துப் பிள்ளை பிடித்தாய் அல்லவா, இப்போது சொல்லிக்கொடு பார்ப்போம். நூடுல்ஸ் படம் பார்த்தாய் அல்லவா, இப்போது விளங்கப்படுத்து. ஒரு வருடமாக அடைத்துக்கிடந்ததெல்லாம் வழிந்தோடுவதுபோல உடம்பு இலேசாயிற்று. இயக்குநர் அம்மா குறிப்பெடுத்தார். பிள்ளைகள் நடந்ததை உணர்ந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். தங்கள் ரீச்சர் வெளியாள் முன்னால் தலைகுனிந்து நிற்கிறாள் என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. அறை செத்தவீடு மாதிரி இருந்தது.

கதிரை ஒன்று தரையில் உரசியது. லின் எழுந்தாள்.

"மன்னிக்க வேண்டும், ரீச்சர். இந்த இடத்தை நான் விளங்கப்படுத்தும்படி நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். நான் மறந்துவிட்டேன்" என்றாள்.

கோசலா அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்பது அவள் விழித்த விழியிலேயே தெரிந்தது. வகுப்புத் தலைவி தன் கடமையைச் செய்கிறாள். லின் பலகைக்குப் போய் மார்க்கரை எடுத்து ஒரு மனித உருவத்தைக் கீறினாள். தொண்டையில் ஒரு வட்டம். நெஞ்சில் ஒரு வட்டம். தலையில் ஒரு வட்டம். தலைக்குக் கீழே தடித்த சிவப்புக் கோடு.

"தொண்டையால் உணவை விழுங்குகிறோம். நெஞ்சால் கோபத்தை விழுங்குகிறோம். தலையால் விழுங்கக்கூடாது. தலைக்குப் பல் இல்லை. கதையை மென்று பாராமல் விழுங்கினால் ஏமாந்துபோனோம் என்று அர்த்தம். விருந்தினரிடம் இதைச் சொன்னால், நீங்கள் பொய் சொன்னீர்கள், நான் முட்டாள் என்று இரண்டையும் ஒரே வாயில் சொல்வதாகும்." மார்க்கரின் பின்பக்கத்தால் சிவப்புக் கோட்டின் மேல் 'டக், டக்' என்று இரண்டு தட்டுத் தட்டினாள். "இதைத் தாண்டாதீர்கள்."

தலைக்குப் பல் இல்லை என்பது சிவகலாவின் வசனம். அந்த இரண்டு தட்டும் சிவகலாவின் தட்டு. தன் குரலை இன்னொருத்தியின் வாயில் கேட்டு அவள் உறைந்துபோனாள். தலையாட்டிவிட்டுப் போனவள் ஒரு சொல் சிந்தாமல் வைத்திருந்திருக்கிறாள்! நெட்டையன், "ஓ!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான். எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சிரித்தார்கள்.

"இதை உனக்கு யார் சொல்லித்தந்தது?" என்று கேட்டார் இயக்குநர் அம்மா.

லின் முதன்முறையாகச் சிவகலாவை நேரே பார்த்தாள். "மதாம் சிவகலா. போன வருடம். பரீட்சையில் நான் இதே பிழையைத்தான் விட்டேன். அவர் என்னைச் சித்தியடைய விடவில்லை. அதனால் மறக்கவில்லை."

பாடம் முடிந்து பிள்ளைகள் போனதும் இயக்குநர் அம்மா கோசலாவிடம் மென்மையாகவே கேட்டார். பக்கத்திலேயே இத்தனை அனுபவமுள்ள ஒருவர் இருக்கிறாரே, பாடம் தயாரிக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையா? அவரவர் மொழியில் நினைப்பதை அப்படியே கொண்டுவரச் சொன்னது யாருடைய யோசனை?

சிவகலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னுடையதுதான்" என்றாள் கோசலா. "தனியாகவே செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன். பிழைத்துவிட்டது."

அந்த நேரம் சிவகலா வாய் திறந்திருக்கலாம். ஒரு வசனம் போதும். இயக்குநர் அம்மா கோப்பை மூடி, எழுந்து, வாசலைக் கடந்து போகிறவரை நேரம் இருந்தது. அவள் மேசையில் கிடந்த பாகற்காய்த் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

ரெனானுக்குப் போகும் மெட்ரோவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வேறெங்கே போவது, இருவர் வீடும் ஒரே தரிப்பில். கோசலா பாகற்காய் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவளே பேசினாள்.

"அக்கா, நான் யோசிச்சுப் பாத்தன். நேற்று நீங்கள் தலையையும் சேத்துத்தான் சொல்லியிருப்பியள். நான்தான் றோல்ஸ் பொரிக்கிற அவசரத்திலை வடிவாக் கேக்கேல்லை. எண்ணெய்ச் சத்தம் வேறை. உங்கடை பேரைச் சொன்னா, நீங்கள் பிழையாச் சொல்லித் தந்த மாதிரியெல்லோ போயிடும். அதுதான் சொல்லேல்லை." அவள் திரும்பி, கலங்கிய கண்ணோடு சிரித்தாள். "நான்தானே பிழையா விளங்கினது, என்ன அக்கா?"

இவள் கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா? ஒரு கடுஞ்சொல் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் சிவகலாவும் நாலு சொல் சொல்லி, இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். பிள்ளைகளின் சிரிப்பும் இவளுக்கு, நூடுல்ஸும் இவளுக்கு, குணசேகரத்தின் பல்லும் இவளுக்கு. இப்போது இப்படி ஒரு மனமும் இவளுக்கேயா? சிவகலாவுக்கு அதிலும் பொறாமையாகத்தான் இருந்தது. வேறு எதையும்விட அதில்தான் கூடப் பொறாமையாக இருந்தது.

"ஓம்" என்றாள்.

சீன வகுப்பு சிவகலாவுக்குக் கிடைத்தது. கோசலாவுக்கு இரண்டு கட்டடங்களில் மூன்று வகுப்புகளில் துண்டு துண்டாக நேரம் கிடைத்தது. தமிழ்ப் பாடசாலையில் கண்ட இடத்தில் கோசலா கையைப் பிடித்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமையிலை எனக்கு வேலை இல்லை, அக்கா. உங்கடை வகுப்பிலை பின்னாலை இருந்து பாக்கலாமோ? ஒழுங்காப் பழகோணும் எண்டு ஆசை."

என்ன சொல்லி மறுப்பது? மறுக்க ஒரு காரணமும் கைவசம் இல்லை. இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது.

அடுத்த தவணையின் முதல் செவ்வாய். கோசலா பிள்ளைகளுக்கு முன்பே வந்து பின்வரிசையில் இருந்தாள். உள்ளே வந்த ஒவ்வொரு பிள்ளையும் அவளைக் கண்டு முகம் மலர்ந்தது. நெட்டையன் அவளுக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடிக்க ஓடினான். லின் எல்லோரையும் எழுப்பினாள். சிவகலாவை வணங்கினார்கள். வணங்கிவிட்டுப் பாதிப்பேர் திரும்பிப் பின்னால் பார்த்தார்கள்.

சிவகலா பாடத்தைத் தொடங்கினாள். போன தவணையில் அரைகுறையாக நின்றதை முடித்துவிடலாம் என்று அதே வினைச்சொல்லை எடுத்தாள். உருவத்தைக் கீறினாள். தொண்டை, நெஞ்சு, தலை. நெஞ்சு வட்டத்துக்குப் பக்கத்தில், ஆங்கிலத்தில் விழுங்கக்கூடியவை என்று கோபம், அவமானம், கண்ணீர், கர்வம் என ஒவ்வொன்றாக எழுதினாள். பின்வரிசையில் கோசலா பள்ளிக்கூடப் பிள்ளைபோல நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். நெட்டையன் அவள் காதில் ஏதோ சொன்னான். அவள் வாயில் விரல் வைத்து, பலகையைப் பார் என்று கை காட்டினாள். அவன் உடனே பார்த்தான். அதுவும் சிவகலாவுக்குப் பொறுக்கவில்லை. என் வகுப்பில் என் பலகையைப் பார்க்கவும் அவள்தான் சொல்ல வேண்டியிருக்கிறதா?

"கேள்வி ஏதும் உண்டா?" என்றாள், ஒன்பது வருடமாகக் கேட்கிறதுபோல. பதிலுக்குக் காத்திராமல் மார்க்கரை மூடினாள்.

ஒரு கை உயர்ந்தது. லின்.

"மதாம், ஒரு கேள்வி. நெஞ்சு வட்டத்தில் பொறாமை இல்லையே. பொறாமையை விழுங்கலாமா?"

அந்த வகுப்பில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. லின்னின் முகத்தில் குறும்பு இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு, பரீட்சைக்குத் தேவைப்படும் என்று கேட்கிற முகம். பின்னால் கோசலாவும் தலையை நிமிர்த்தி, பேனாவை உயர்த்திக்கொண்டு காத்திருந்தாள். பன்னிரண்டு பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் ஒருவரும் திரும்பிப் பின்னால் பார்க்கவில்லை.

"விழுங்கலாம்" என்றாள் சிவகலா. கனைத்துவிட்டுத் திரும்பச் சொன்னாள். "ஆங்கிலத்தில் அப்படிச் சொல்ல முடியும். எழுதிக்கொள்ளுங்கள்."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். கோசலா எழுதி, அதன் கீழே கோடும் போட்டாள்.